சிக்குன்குனியா போய்விட்டது, மூட்டுவலி போகவில்லை: நீங்களே தேடிப் படிப்பது எப்படி

காய்ச்சல் நாலாம் நாளே இறங்கிவிட்டது. ஆனால் ஏழு மாதம் கழித்தும் அம்மாவால் காலையில் காபி ஃபில்டரின் மேல் பாத்திரத்தைப் பிரித்தெடுக்க முடியவில்லை. கோலம் போட உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். முதலில் போன கிளினிக்கில் "வயசாச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து போன இடத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தில் மூன்று நிற மாத்திரை, ஒன்றுக்கும் பெயர் கிடையாது. பொட்டலம் இருந்த வாரம் முழுக்க அம்மா ஓடியாடி வேலை செய்தார், தீர்ந்த மூன்றாம் நாள் முன்பைவிட மோசமாகப் படுத்துவிட்டார். அன்று ராத்திரிதான் நான் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்தத் தேடலில் எங்கே நேரம் வீணானது, எது கைகொடுத்தது என்று இப்போது தெரியும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் அதே சுற்றை நீங்களும் சுற்ற வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இணையத்தைத் திறப்பதற்கு முன்னால் வீட்டு அலமாரியைத் திறங்கள். வந்தது சிக்குன்குனியாதான் என்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? காய்ச்சல் வந்த முதல் வாரத்தில் எடுத்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனை வைரஸையே காட்டும். ஐந்தாறு நாள் ஆனபின் ரத்தத்தில் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் தெரிய ஆரம்பிக்கும், சில மாதங்கள் இருக்கும். ஐஜிஜி என்பது வருடக்கணக்கில் நிற்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 2006-ல் சிக்குன்குனியா ஊர் ஊராகப் போட்டுத் தாக்கியது, இலங்கையிலும் அதே வருடக் கடைசியில் பரவியது. அதனால் ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால் அது அப்போது வந்ததா, போன மழைக்கு வந்ததா என்று அந்தத் தாள் சொல்லாது. பரிசோதனையே எடுக்கவில்லை, "ஊருக்கே வந்தது, எங்களுக்கும் வந்தது" என்பதுதான் உங்கள் கதை என்றாலும் பரவாயில்லை, அதை அப்படியே எழுதி வையுங்கள். டெங்குவிலும் உடம்பு முறிகிற மாதிரி வலிக்கும், ஆனால் மாதக்கணக்கில் மூட்டு வீங்கி நிற்பது டெங்குவின் வழக்கம் இல்லை. ஆகவே எந்தக் காய்ச்சல் என்பதில் சந்தேகம் இருந்தால் அதை முதல் கேள்வியாக மருத்துவரிடம் வையுங்கள்.

அப்புறம் நாளைக் கணக்கிடுங்கள். இந்த நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கட்டமாகப் பிரிக்கிறார்கள்: முதல் மூன்று வாரம் கடும் கட்டம், அதிலிருந்து மூன்றாம் மாதம் முடியும்வரை இடைக்கட்டம், மூன்று மாதம் தாண்டினால் நாள்பட்டது. காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்பது தெரிந்தால்தான் எந்தக் கட்டத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது தெரியும். நான் முதல் இரண்டு வாரம் படித்ததெல்லாம் கடும் கட்டத்துச் சிகிச்சை. ஏழாம் மாதத்தில் இருந்த அம்மாவுக்கு அதில் ஒன்றும் பொருந்தவில்லை.

அடுத்த வேலை ஒரு நோட்டு. இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், நான் செய்ததிலேயே அதிகம் பயன்பட்டது இதுதான். தினமும் நாலு விஷயம்: எந்தெந்த மூட்டு, வீக்கம் இருக்கிறதா இல்லையா, பத்துக்கு எத்தனை வலி, காலையில் எழுந்தபின் விரல்கள் இளக எத்தனை நிமிடம் ஆனது. கடைசியாகச் சொன்ன நிமிடக் கணக்கு ரொம்ப முக்கியம். தேய்மானத்தால் வரும் மூட்டுவலியில் காலை விறைப்பு பொதுவாகச் சீக்கிரமே விட்டுவிடும், நடக்க நடக்கத்தான் வலி ஏறும். அழற்சியால், அதாவது மூட்டு உள்ளுக்குள் வீங்கிக் கனன்றுகொண்டிருப்பதால், வரும் வலியில் விறைப்பு அரைமணி, ஒருமணி என்று இழுக்கும், நடமாடினால் கொஞ்சம் இளகும். "வயசாச்சு" என்ற பேச்சுக்குப் பதில் அந்த நிமிடக் கணக்கில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு எழுபது, எண்பது நிமிடம் என்று வரிசையாக வந்தது. கூடவே வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் மேசையில் வைத்து போட்டோ எடுங்கள். வீக்கம் வரும், போகும், மருத்துவரைப் பார்க்கப் போகிற அன்று பார்த்து வடிந்திருக்கும்.

அதே நோட்டில் இதுவரை சாப்பிட்ட மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். பெயர் தெரியாத பொட்டலம் என்றால் கொடுத்தவரிடமே போய்ப் பெயரை எழுதி வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள், அது உங்கள் உரிமை. நாங்கள் கேட்டு வாங்கியபோது அதில் ஒன்று டெக்சாமெத்தாசோன், அதாவது ஸ்டீராய்டு. அது அழற்சியைச் சட்டென்று அமுக்கும், சாப்பிடும்போது சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், திடீரென்று நிறுத்தினால் வலி திரும்பக் கிளம்பும். ஸ்டீராய்டே கூடாது என்று சொல்லவில்லை, சில நேரம் குறைந்த அளவில் குறைந்த நாளுக்கு மருத்துவர்களே கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். என்ன தருகிறோம் என்று சொல்லாமல் தருவதுதான் தப்பு. ரொம்ப நாளாகச் சாப்பிட்டு வந்திருந்தால் நீங்களாகவே ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, மருத்துவரைக் கேட்டுத்தான் இறக்க வேண்டும்.

சரி, இப்போது தேடலுக்கு வரலாம். தமிழில் தேடினால் பெரும்பாலும் கைவைத்தியக் குறிப்புகளும் விளம்பரங்களும்தான் கிடைக்கின்றன, அதனால் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியிருக்கிறது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் (PubMed) என்ற இலவசத் தளம்தான் தொடங்க வேண்டிய இடம். "சிக்குன்குனியா" (chikungunya) என்று மட்டும் அடித்தால் கொசு, தடுப்பூசி, மரபணு என்று ஆயிரக்கணக்கில் கொட்டும். அதோடு "க்ரானிக்" (chronic), "பெர்சிஸ்டன்ட்" (persistent) இரண்டில் ஒன்றைச் சேருங்கள், கூடவே "ஆர்த்ரைடிஸ்" (arthritis) அல்லது "ஆர்த்ரால்ஜியா" (arthralgia). கடைசி இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல. ஆர்த்ரால்ஜியா என்றால் மூட்டில் வலி, அவ்வளவுதான். ஆர்த்ரைடிஸ் என்றால் வீக்கமும் அழற்சியும் சேர்ந்தது. வீக்கமே இல்லாத ஒருவர் ஆர்த்ரைடிஸ் கட்டுரையைப் படித்துப் பயந்துபோவதும், வீங்கிய விரலோடு இருப்பவர் ஆர்த்ரால்ஜியா கட்டுரையைப் படித்து "தானா சரியாகிவிடும்" என்று உட்கார்ந்துவிடுவதும் இந்தக் குழப்பத்தால் நடக்கிறது. சிகிச்சையைத் தேடுகிறீர்கள் என்றால் பக்கவாட்டில் இருக்கும் வடிகட்டியில் "ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள், அதாவது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கிற சோதனை. முழுக் கட்டுரையும் இலவசமாகக் கிடைப்பவற்றை மட்டும் காட்டு என்பதற்கும் அங்கேயே ஒரு கட்டம் இருக்கிறது. இந்தியாவில் இப்போது என்ன சோதனைகள் நடக்கின்றன என்று பார்க்க சிடிஆர்ஐ என்ற மருத்துவச் சோதனைப் பதிவேடு இருக்கிறது, அதையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

எந்த ஊரில், எந்த வருடம் என்பதைக் கவனியுங்கள். இந்த நோயை முதலில் அடையாளம் கண்டது 1952-53-ல், இன்றைய தான்சானியாவின் தெற்கே மக்கோண்டே மக்கள் வாழும் பகுதியில். பெயரும் அவர்கள் மொழியில் இருந்து வந்ததுதான், வலியில் உடம்பு வளைந்துபோவதைக் குறிக்கிற சொல். நம் காதில் "குனியா" என்று விழுவது தற்செயல், ஆனால் பொருத்தம் மனதை என்னவோ செய்கிறது. இந்தியாவில் 1963-ல் கொல்கத்தா, 1964-ல் சென்னை, 1973-ல் மகாராஷ்டிரத்தின் பார்சி என்று வந்துபோனது, பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பேச்சே இல்லை. 2005 கடைசியில் திரும்ப வந்தது, 2006-ல் மட்டும் நாடு முழுக்க ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு வந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. திரும்பி வந்தது பழைய ஆசிய வகை வைரஸ் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய வேறு வகை. நாள்பட்ட வலியைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த அலைக்குப் பிறகு வந்தவைதான். அதனால் 2006-க்கு முந்திய கட்டுரைகளில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். அதிகம் படிக்க வேண்டியவை ரீயூனியன் தீவு (இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு), கேரளம், கொலம்பியா, பிரேசில் ஆகிய இடங்களிலிருந்து வந்தவை. ரீயூனியனில் 2005-06-ல் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு இந்த நோய் வந்தது, அவர்களை மருத்துவர்கள் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள்.

இனி சதவீதங்கள். என்னை அதிகம் அழ வைத்ததும் குழப்பியதும் இவைதான். ரீயூனியனில் ஒரு ஆய்வு, மூன்று வருடம் கழித்தும் 60 சதவீதம் பேருக்கு மூட்டுவலி என்றது. கொலம்பியாவில் 2014-15 பரவலில் நோய் வந்தவர்களை 20 மாதம் கழித்துக் கேட்டபோது ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத்தான் வலி இருந்தது. எது உண்மை? இரண்டும் உண்மையாக இருக்கலாம், கேட்கப்பட்டவர்கள் வேறு. ஆகவே எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் அதைக் குறித்து வைப்பதற்கு முன் சில கேள்விகள் கேளுங்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களையா கேட்டார்கள், ஊரில் எல்லோரையுமா? மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு முதலிலேயே கடுமையாக இருந்திருக்கும், அவர்களிடம் வலி அதிகம் நீடிக்கும். ரத்தப் பரிசோதனையில் உறுதியானவர்களா, அறிகுறியை வைத்து முடிவு செய்தவர்களா? தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசிவரை வந்தார்கள்? வலி விட்டுப்போனவர் மறுபடி வரிசையில் நின்று பதில் சொல்ல வரமாட்டார், அதனாலேயே எண்ணிக்கை மேலே போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நோய் வராதவர்களையும் கேட்டார்களா என்பது. ரீயூனியனிலேயே டெலிசிக் என்று ஒரு கணக்கெடுப்பு, 2011-ல் வெளியானது. நோய் வந்தவர்களில் 43 சதவீதம் பேர் மூட்டு, தசை வலி இருப்பதாகச் சொன்னார்கள். அதே தீவில் நோய் வராதவர்களைக் கேட்டபோது 17 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். எந்த ஊரிலும் எந்த வயதிலும் கொஞ்சம் பேருக்கு மூட்டுவலி இருக்கத்தான் செய்யும், அதைக் கழித்துப் பார்த்தால்தான் வைரஸின் பங்கு தெரியும். அந்த வித்தியாசமே பெரியது, வலியை "மனப்பிரமை" என்று சொல்கிறவர்களுக்கு அதுவே போதுமான பதில். ஆனால் முதல் எண்ணை மட்டும் தனியாகத் தூக்கிப் பார்த்து நொந்துபோக வேண்டியதில்லை.

இந்த மாதிரிப் படித்தால் இன்னொன்றும் புலப்படும்: நாற்பதைத் தாண்டியவர்கள், பெண்கள், ஆரம்பத்திலேயே வலி கடுமையாக இருந்தவர்கள், ஏற்கெனவே மூட்டுப் பிரச்சினை இருந்தவர்கள் ஆகியோருக்குத்தான் வலி நீடிப்பதாகத் திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் வீட்டு நோயாளி எந்தக் கூட்டத்தைப் போல இருக்கிறார் என்று பார்த்து, அந்தக் கூட்டத்தின் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு 58 வயது, முழங்கால் ஏற்கெனவே தொந்தரவு. இருபது வயதுக்காரர்கள் நிறைந்த ஒரு ஆய்வு அவருக்கு எதையும் சொல்லாது.

"வைரஸ் இன்னும் மூட்டுக்குள்ளேயே இருக்கிறதா?" என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி, ஆய்வுகள் முரண்படுகிற இடமும் இதுதான். 2010-ல் வந்த ரீயூனியன் ஆய்வு ஒன்றில், நோய் வந்து 18 மாதம் ஆன ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில் வைரஸின் மரபுப்பொருள் கிடைத்தது. 2018-ல் வந்த கொலம்பிய ஆய்வில் 38 பேரின் மூட்டு நீரை எடுத்துத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஒன்று சவ்வு, ஒன்று நீர். ஒன்று ஒரே ஆள், ஒன்று பல பேர். இரண்டையும் அருகருகே எழுதி வையுங்கள், எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. நோய் எதிர்ப்பு அமைப்பு அடங்காமல் மூட்டைத் தாக்கிக்கொண்டிருப்பது பெரும்பங்கு வகிக்கிறது என்பதில் பரவலான ஒப்புதல் இருக்கிறது, மருந்துகளும் அந்தத் திசையில்தான் போகின்றன. வலி விட்டு விட்டு வந்தால் "மறுபடி சிக்குன்குனியா" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பொதுவாக ஒருமுறை வந்தவருக்கு நீண்ட கால எதிர்ப்பு சக்தி இருக்கும், வந்து போவது பழைய வீக்கத்தின் ஏற்ற இறக்கம்தான்.

மருந்து ஆய்வுகளைப் படிக்க ஒரு நல்ல பாடம் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்து. 1984-ல் தென்னாப்பிரிக்காவில் நாள்பட்ட மூட்டுவலி இருந்த பத்தே பேருக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் தெரிகிறது என்று எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தராத குழு கிடையாது. 2008-ல் வெளியான ரீயூனியன் சோதனையில் காய்ச்சல் கட்டத்திலேயே குளோரோகுயின் ஒரு பகுதியினருக்கும், வெற்று மாத்திரை மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். அந்தக் கட்டத்தில் பலன் ஒன்றும் இல்லை. 200 நாள் கழித்துப் பார்த்தால் குளோரோகுயின் சாப்பிட்டவர்கள்தான் மூட்டுவலி என்று அதிகம் சொன்னார்கள். இரண்டும் வேறு கட்டம், அதனால் நேராக மோதவிட முடியாது. ஆனாலும் எத்தனை பேர், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்காமல் ஒரு கட்டுரையை நம்பினால் என்ன ஆகும் என்பது இதில் தெரிகிறது.

நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்று: கேரள மருத்துவர்கள் செய்து 2017-ல் வெளியானது. நாள்பட்ட சிக்குன்குனியா மூட்டழற்சி உள்ள 72 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மூன்றும், இன்னொரு பகுதிக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மட்டும் 24 வாரம் கொடுத்தார்கள். மூன்றும் சேர்ந்து எடுத்தவர்கள் தெளிவாகத் தேறினார்கள். யாருக்கு எந்த மருந்து என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே நடந்த சோதனை இது, அதனால் எதிர்பார்ப்பே கொஞ்சம் வலியைக் குறைத்திருக்கலாம். எண்ணிக்கையும் சிறியது. இருந்தாலும் என் பார்வையில், நம் ஊர் நோயாளிக்காக மருத்துவரிடம் எடுத்துப்போகத் தகுந்த கட்டுரை இது.

எடுத்துப்போகத்தான், கடையில் வாங்கிச் சாப்பிட இல்லை. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை சாப்பிடுகிற மருந்து. தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டு உயிரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பிக்கும் முன்னும் பின்னும் ரத்த எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம் பார்க்க வேண்டும், கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நீண்ட நாள் சாப்பிட்டால் கண் பரிசோதனை வேண்டும். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளும் மாதக்கணக்கில் போனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வாட்ஸ்அப்பில் வருகிறவற்றையும் இதே தராசில் வையுங்கள். நிலவேம்புக் குடிநீரைப் பற்றி ஆய்வு இருக்கிறது என்று ஒரு செய்தி சுற்றும். இருக்கிறதுதான், 2020-ல் வந்த ஒன்றை நானும் படித்தேன். அது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் வைரஸைக் கட்டுப்படுத்துகிறதா என்று பார்த்தது. ஏழாம் மாதத்து விரல் வீக்கத்துக்கு அது விடை தராது. சித்த மருத்துவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்தக் கட்டுரை எந்தக் கேள்வியைக் கேட்டது என்பதைத்தான் சொல்கிறேன். தடுப்பூசி பற்றிய செய்திகளும் அப்படியே, அவை நோய் வராமல் தடுக்க, வந்தபின் நிற்கிற வலிக்கு இல்லை.

இனி யாரிடம் போவது? நம் ஊரில் மூட்டுவலி என்றால் கால் தானாக எலும்பு டாக்டரிடம் போகும். வீக்கமும் நீண்ட காலை விறைப்பும் இருந்தால் பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டழற்சி நிபுணர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது, வேலூர் சிஎம்சியிலும் உண்டு. வேறு ஊர் என்றால் அருகிலிருக்கும் அரசு மருத்துவக் கல்லூரியில் எந்த நாளில் இந்தப் புறநோயாளிப் பிரிவு என்று கேளுங்கள். சிக்குன்குனியாவுக்குப் பின் வரும் அழற்சி முடக்குவாதத்தை (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) போலவே தோற்றம் காட்டும், இரண்டு கைகளிலும் விரல், மணிக்கட்டு, கணுக்கால் என்று. அதைப் பிரித்தறிய ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி-சிசிபி, ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகளை எடுக்கச் சொல்வார்கள். ஆர்ஏ ஃபேக்டர் வேறு காரணங்களாலும் பாசிட்டிவ் ஆகும், ஆன்டி-சிசிபி முடக்குவாதத்தைக் கூடுதல் உறுதியோடு காட்டும். அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி நார்மல் என்று வந்தாலும் வலி பொய் என்று ஆகிவிடாது. ஒரே ஒரு மூட்டு மட்டும் சூடாகச் சிவந்து வீங்கி, கூடக் காய்ச்சலும் வந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். விரல்கள் ராத்திரியில் மரத்துப்போனால் அதையும் தனியாகச் சொல்லுங்கள், மணிக்கட்டு வீக்கம் நரம்பை அழுத்துகிறதா என்று பார்ப்பார்கள்.

மருத்துவர் அறைக்குள் கட்டுக்கட்டாகப் பிரின்ட் எடுத்துப் போகாதீர்கள். நான் முதல்முறை பதினோரு கட்டுரையோடு போனேன், அவர் ஒன்றையும் திருப்பவில்லை, வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும்போது அவரைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டாம் முறை வேறு ஒருவரிடம் ஒரே ஒரு தாள் கொண்டுபோனேன். மேலே காய்ச்சல் தொடங்கிய தேதி, பரிசோதனை முடிவு. நடுவில் எந்த மூட்டு, காலை விறைப்பு எத்தனை நிமிடம், இதுவரை சாப்பிட்ட மருந்து, சர்க்கரை உண்டா இல்லையா. கீழே மூன்று கேள்வி: இது அழற்சியா, தேய்மானமா, இரண்டுமா? முடக்குவாதம் இல்லை என்று எப்படி உறுதி செய்வது? வலி மாத்திரையைத் தாண்டி அடுத்த மருந்துக்கு எப்போது போவது, அதற்கு முன் என்ன பரிசோதனை? கேரளக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பின்னால் வைத்திருந்தேன். அவர் தாளை இரண்டு முறை படித்தார், போனில் இருந்த கை போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு அம்மாவின் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக அழுத்திப் பார்த்தார். ஏழு மாதத்தில் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்த முதல் மருத்துவர் அவர்தான்.

சிகிச்சை தொடங்கியபின் நோட்டை மூடிவிடாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கும், மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துகிறவர்கள் நிறைய. நிமிடக் கணக்குத்தான் அப்போது பிடிமானம், நோயாளிக்குத் தெரியாத முன்னேற்றம் அதில் தெரியும். பப்மெட்டில் ஒரு கணக்குத் தொடங்கி உங்கள் தேடலைச் சேமித்து வைத்தால், புதுக் கட்டுரை வரும்போது மின்னஞ்சலில் வந்துவிடும், தினமும் ராத்திரி போனும் கையுமாக உட்கார வேண்டியதில்லை. அம்மாவின் நோட்டில் நேற்றைய வரி: வலது மணிக்கட்டு, வீக்கம் இல்லை, பத்துக்கு இரண்டு, 15 நிமிடம்.